ரோட்ரிக்ஸ் போகும் வழியில் ட்ரிம் பிடிபட்டது

மொரீஷியஸ், ரோஸ் ஹில்லிலிருந்து:

வீட்டுக் கணினியில், விமானம் ஓட்டும் விளையாட்டில், செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை ஓட்டத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. எங்கள் ப்ளேசான்ஸ் விமான நிலையத்தில் ஏறுவேன், சிங்க மலைப் பக்கம் ஒரு வட்டம் அடிப்பேன், இறங்கிவிடுவேன். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஜாய்ஸ்டிக்கை இழுத்துப் பிடித்தே சமாளிக்கலாம். கையால் இழுத்துப் பிடிக்காமலே மூக்கை ஒரே நிலையில் வைக்க உதவும் ட்ரிம் என்று ஒன்று வேண்டும் என்றே தோன்றவில்லை.

தைப்பூசக் காவடி முடிந்த வார இறுதியில் ரோட்ரிக்ஸ் தீவு வரை போய்ப் பார்க்க ஆசை வந்தது. ஏறத்தாழ 560 கி.மீ., முழுக்கக் கடல். நிஜத்தில் ஏடிஆர் என்ற பயணிகள் விமானம் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரும். செஸ்னாவுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். ஆட்டோபைலட்டைத் தொடுவதில்லை என்று உறுதியாகக் கிளம்பினேன்.

அரை மணியில் மணிக்கட்டு வலித்தது. 5,500 அடியில் நிற்க வேண்டிய விமானம் 300 அடி ஏறும், 400 அடி இறங்கும். ட்ரிம்முக்கான எண் விசைகளில் 1 தட்டினால் மூக்கு தூக்கும், 7 தட்டினால் தாழும் என்பது மட்டும் தெரியும். மூக்கு இறங்கினால் 1, ஏறினால் 7 என்று மாற்றி மாற்றித் தட்டினேன். ஆட்டம் அடங்கவில்லை, கூடியது. பாதி வழியில் நிறுத்திவிட்டேன். மனசு கேட்கவில்லை. இதை எப்படித்தான் பழகினீர்கள்?

தென்னாப்பிரிக்கா, டர்பனிலிருந்து:

தம்பி, நீங்கள் ட்ரிம்மை வைத்து விமானத்தை ஓட்டப் பார்த்திருக்கிறீர்கள். ஓட்டுவது கை. கை சுமக்கும் பாரத்தை இறக்கி வைக்கத்தான் ட்ரிம்.

இங்கே விர்ஜினியா விமான நிலையத்தில் நிஜ செஸ்னாவில் சில பாடங்கள் எடுத்தேன். வாலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டரின் வலப்பக்க விளிம்பில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. ட்ரிம் சக்கரத்தை உருட்டினால் அது எலிவேட்டருக்கு எதிர்த் திசையில் சாயும், காற்றே எலிவேட்டரைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். சக்கரத்தை உருட்ட உருட்ட, கையில் இருந்த பாரம் குறைந்து ஒரு கட்டத்தில் காணாமலே போகும். ஆனால் கை இருந்த இடத்திலேயே இருக்கும்.

வீட்டு ஜாய்ஸ்டிக்கில் இது நடக்காது. அதன் ஸ்பிரிங் எப்போதும் நடுவுக்குத்தான் இழுக்கும். அதனால் முதலில் கையால் மூக்கைச் சரியான நிலையில் பிடியுங்கள். இன்ஜின் பவரை வையுங்கள். வேகம் நிலைக்கும்வரை காத்திருங்கள், இந்தக் காத்திருப்பைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம். பிறகு ஒவ்வொரு தட்டாக ட்ரிம் கொடுத்து, அதே அளவுக்குக் கையை நடுவுக்கு விட்டுக்கொடுங்கள். விடாமல் பிடித்தால் கையும் ட்ரிம்மும் சேர்ந்து மூக்கைத் தூக்கிவிடும்.

ஏர்பஸ் ஏ320 ஓட்டி இதைப் பழக முடியாது. வழக்கமான பறப்பில் அதன் கணினியே ட்ரிம் போட்டுவிடும்.

மறுபடியும் ரோஸ் ஹில்லிலிருந்து:

அண்ணா, நேற்று திரும்பவும் போனேன். முதல் கால் மணி நேரம் காத்திருந்து காத்திருந்து தட்டினேன். கையை எடுத்தபோது விமானம் 5,500 அடியில் அப்படியே நின்றது. எழுந்துபோய்த் தேநீர் போட்டு வந்தேன், 40 அடிதான் மாறியிருந்தது.

இன்னொன்றும் கண்டேன். வேகம் கூட்டலாம் என்று இன்ஜின் பவரைக் கூட்டும் த்ராட்டிலை ஏற்றினால், விமானம் வேகம் எடுக்காமல் மேலே ஏறியது. ட்ரிம் எந்த வேகத்துக்குப் போட்டோமோ அதையே விமானம் தேடுகிறது போலும்.

ரோட்ரிக்ஸின் ப்ளேன் கோராய் விமான நிலையத்தில் இறங்கும்போது, இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப்பை இறக்கியதும் மூக்கு எழும்பியது. கையால் அழுத்திப் பிடித்து, வேகம் 65 நாட் (knots) என்று நிலைத்த பிறகு ட்ரிம்மில் நாலைந்து தட்டு. ஓடுபாதை கண்ணாடியில் அசையாமல் நின்றது.

டர்பனிலிருந்து:

அருமை தம்பி! ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். இறங்காமல் திரும்ப மேலே ஏற நேர்ந்தால், மெதுவான வேகத்துக்குப் போட்ட ட்ரிம் அப்படியே இருக்கும். முழுப் பவர் கொடுத்த நொடியில் மூக்கு வானத்தைப் பார்க்கும், வேகம் சரிந்துவிடும். முதலில் கையை முன்னால் அழுத்துங்கள், ட்ரிம் அப்புறம். இன்று அதைப் பத்துத் தடவை செய்து பாருங்கள்.