பொருள்: மறு: 'ஃப்ரண்ட்லைன் ஸ்டேட்ஸ்' – களமுனை நாடுகள்?

வணக்கம்.

ரொடீசியாவிலும் (இன்றைய ஜிம்பாப்வே) தென்னாப்பிரிக்காவிலும் இருந்த வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து நின்ற அண்டை ஆப்பிரிக்க நாடுகளின் குழுவை ஆங்கிலத்தில் 'ஃப்ரண்ட்லைன் ஸ்டேட்ஸ்' என்பார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதே கேள்வி. ஐயா முன்வைத்த 'முன்னணி நாடுகள்' ஒத்துவராது. செய்தித்தாள் வாசிப்பவருக்கு அது வளர்ச்சியில் முந்தி நிற்கும் நாடுகள். தவிர, மொசாம்பிக்கின் விடுதலை இயக்கமான ஃபிரெலிமோவை 'மொசாம்பிக் விடுதலை முன்னணி' என்றுதான் எழுதுகிறோம். 'முன்னணி நாடுகள் விடுதலை முன்னணிக்கு இடம் கொடுத்தன' என்று ஒரு வரி வந்தால் மாணவர் தடுமாறிப்போவார்.

'ஆதரவு நாடுகள்' என்பதும் போதாது. ஆதரவு என்றால் சோவியத் ஒன்றியமும் சுவீடனும்கூடத்தான் கொடுத்தன. சாம்பியாவின் கதை வேறு. 1964இல் விடுதலை, கடல் கிடையாது, செம்பை விற்றுத்தான் பிழைப்பு. அந்தச் செம்பு துறைமுகம் போய்ச் சேர்ந்ததே ரொடீசிய ரயிலில்தான். உலைக்கு நிலக்கரி வந்ததும் அங்கிருந்துதான். அப்படியிருந்தும் ரொடீசியாவின் விடுதலை இயக்கமான சாப்புவுக்கும் தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசுக்கும் தலைநகர் லுசாக்காவில் இடம் கொடுத்தார் சாம்பிய அதிபர் கென்னத் கவுண்டா. 1973 ஜனவரியில் ரொடீசியப் பிரதமர் இயன் ஸ்மித் சாம்பியாவுடனான எல்லையை மூடினார். சில வாரங்களில் அவரே திறக்க முன்வந்தபோது, கவுண்டா தன் பக்கத்தைத் திறக்க மறுத்துவிட்டார். சீன உதவியில் தன்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகம் வரை 1,860 கி.மீ. ரயில் பாதை போட்டும் நெருக்கடி தீரவில்லை. விதைப்புக்கு உரம் வந்து சேராததால், 1978 அக்டோபரில் ரொடீசியா வழியான தெற்குப் பாதையைத் திறக்க வேண்டியதாயிற்று. அதே மாதம் ரொடீசிய விமானங்கள் லுசாக்கா அருகே சாப்பு முகாமில் குண்டு வீசின. தாக்க வந்த விமானி லுசாக்கா விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தையே வானொலியில் கூப்பிட்டு, சாம்பிய விமானப்படை மேலே எழும்பக் கூடாது என்று எச்சரித்தார். இவ்வளவையும் தாங்கிய நாட்டை வெறும் 'ஆதரவு நாடு' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

'எல்லை நாடுகள்' சரியா என்று ஒருவர் கேட்டிருந்தார். தன்சானியாவுக்கு ரொடீசியாவோடும் எல்லை இல்லை, தென்னாப்பிரிக்காவோடும் இல்லை. ஆனால் அதன் அதிபர் நியரேரே இல்லாமல் இந்தக் குழுவே இல்லை.

அதனால் என் பரிந்துரை 'களமுனை நாடுகள்'. ஈழத்துச் செய்தித்தாள்களில் 'களமுனை' நன்கு பழகிய சொல். அந்த அரசுகள் நேரடியாகப் போர் தொடுக்கவில்லையே என்ற மறுப்பு வரலாம். முதல் அடி விழும் இடமும் களமுனைதானே?

அப்புறம், தன்சானியாவின் கொங்குவா போன்ற, விடுதலை இயக்கங்களின் பயிற்சி முகாம்களுக்குப் 'பின்தளம்' என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம். கணிமையில் அதற்கு வேறு பொருள் உண்டு. துறை வேறு என்பதால் குழப்பம் வராது. நாட்டைக் குறிக்க ஒன்று, முகாமைக் குறிக்க ஒன்று என இரண்டையும் தனித்தனியாகப் பட்டியலில் சேர்க்கலாம். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.