அடிபட்ட ஆடி டிடி: சரிசெய்வதா, காசை வாங்கிக்கொண்டு விடுவதா?

கொங்கு டர்போ:

2022 அக்டோபர். ஈரோட்டில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு ராத்திரி என் ஆடி டிடி ஸ்போர்ட்ஸ் காரில் கோவைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம், நானும் மச்சானும். விஜயமங்கலம் டோல் தாண்டிக் கொஞ்ச தூரம். மழை விட்டிருந்தது, ஆனால் மீடியன் ஓரமாகத் தண்ணீர் தேங்கி நின்றது. லாரியை முந்த வலது லேனில் போனேன். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டது. அப்புறம் எதுவும் என் கையில் இல்லை. முன்பக்கம் மீடியனில் இடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கம் இரும்புத் தடுப்பில் போய் மோதி நின்றது.

தப்பு முழுக்க என்னுடையது. டயர் தேய்ந்திருந்தது தெரியும், தீபாவளிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். வேகம் எவ்வளவு என்று கேட்பீர்கள். டிடி-யில் பின் ஸ்பாய்லர் 120-ல் தானாக எழும். வண்டி நின்றபோது அது எழவில்லை, ஆகவே 120-க்குக் கீழேதான் என்று மச்சான் போலீஸ்காரரிடமே சாட்சி சொன்னான். அவர் சிரிக்கவில்லை. இருவருக்கும் சீட் பெல்ட் பட்ட இடத்தில் கன்றிப்போனதோடு சரி. ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் (புகார் பதிவு ரசீது) போட்டு வாங்கினோம். ரெக்கவரி வண்டி வந்து ஏற்றும்போது மணி இரண்டு.

வண்டியைப் பற்றி: 2016 மாடல், 2.0 டர்போ, குவாட்ரோ (நாலு சக்கரத்துக்கும் இழுவை). இந்தியாவுக்கு 2015-ல் வந்தபோது ஷோரூம் விலையே 60 லட்சத்துக்கு மேல். நான் 2020-ல் இரண்டாவது கையாக 26.5-க்கு வாங்கினேன். ஐந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஐடிவி-யை (இன்சூரன்ஸில் வண்டிக்கு வைக்கும் மதிப்பு) நாமும் கம்பெனியும் பேசி முடிப்பதுதான். 24 லட்சம் என்று வைத்திருந்தோம். அதே காரணத்தால் பம்பர் டூ பம்பரும் (தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும் கவர்) கிடைக்கவில்லை. இந்த இரண்டாவது விஷயத்தை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்து நாளில் எஸ்டிமேட் வந்தது: 19.2 லட்சம். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட. ஐடிவி-யில் 75 சதவீதம் தாண்டினால் டோட்டல் லாஸ் (முழு நஷ்டம்) என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்? 24-ல் 75 என்றால் 18. தாண்டியாச்சு. 24 லட்சம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டியதுதான் என்று வீட்டில் சொல்லியும் விட்டேன். அம்மா உடனே, "அந்தக் காச வாங்கி மொதல்ல ஒரு நல்ல பெரிய வண்டியா வாங்கு சாமி" என்றார்.

இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்து அரை மணி நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு பேப்பரில் கணக்குப் போட்டார். நல்ல மனிதர், பொறுமையாகவே விளக்கினார். உதிரிபாகம் மட்டும் 15.2. அதில் பிளாஸ்டிக், ரப்பர், ஏர்பேக் வகையறா 6.4 லட்சம், இதற்குத் தேய்மானமாகப் பாதி கழிவு. பாடி ஷெல், சஸ்பென்ஷன், மற்றவை 8.4. வண்டி 5 வயதைத் தாண்டி 10-க்குள் இருப்பதால் இதற்கு 40 சதவீதம் கழிவு. கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை, அது 40 ஆயிரம். லேபர் 3.2. பெயிண்ட் 80 ஆயிரம், அதில் மெட்டீரியல் பங்கில் பாதி போச்சு. 1500 சிசி-க்கு மேல் என்பதால் கட்டாயக் கழிவு 2,000. எல்லாம் போகக் கம்பெனி கொடுக்க வேண்டியது 12.5 லட்சம் சொச்சம். "உங்க எஸ்டிமேட் 75-ஐத் தாண்டுதுங்க. எங்க பொறுப்பு 52-தான் வருது. இது ரிப்பேர் கேஸ்" என்றார்.

அதாவது வண்டி ரோட்டுக்கு வர என் கையிலிருந்து 6.7 லட்சம். என் பழைய காரிலிருந்து கொண்டுவந்திருந்த 50 சதவீத என்சிபி-யும் (கிளெய்ம் இல்லாததற்கான பிரீமியம் தள்ளுபடி) காலி.

இதை எழுதக் காரணமே அடுத்த ஆறு வாரம் நான் செய்த முட்டாள்தனம்தான். கட்டிவிடலாம் என்றே இருந்தேன். வண்டியை வொர்க்‌ஷாப்பில் போய்ப் போய்ப் பார்ப்பேன். மூக்கு நசுங்கியிருந்தாலும் டாஷ்போர்டில் அந்த ஐந்து வட்ட ஏசி வென்ட் அப்படியே இருக்கும். மனசு கேட்காது.

என் மனதை மாற்றியது ஒரு டிங்கர் (தகடு நேராக்குபவர்). உக்கடம் பக்கம் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருப்பவர், அப்பா காலத்து அம்பாசடரிலிருந்து எங்கள் வீட்டு வண்டி எல்லாம் அவர் கைதான். அவரைக் கூட்டிப் போய்க் காட்டினேன். பானெட்டில் ஒரு காந்தத்தை வைத்தார், ஒட்டவில்லை. கதவில் வைத்தார், ஒட்டவில்லை. கூரையிலும் இல்லை. டிடி-யில் அடித்தளம் மட்டும்தான் ஸ்டீல்; மேல்கட்டும் வெளித்தகடும் அலுமினியம். சேர்ப்பதும் பசை, ரிவெட் என்று வேறு முறை. "தம்பி, இரும்புன்னா சூடு காட்டி இழுத்து நேராக்கலாம். இது சூடு பட்டா பலம் போயிரும். வெளியே ஷோரூம் மாதிரி பண்ணித் தருவாங்க. உள்ள என்ன பண்ணாங்கன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மறுபடி இடிச்சா அன்னைக்குத்தான் தெரியும்" என்றார்.

முன் சேசிஸ் லெக் (முன்பக்கச் சட்டத்தின் நீளக் கம்பம்) ஒன்று மடங்கியிருந்தது. அதை மாற்ற அளவு ஜிக் (அளவு பிசகாமல் பிடித்துவைக்கும் சட்டம்) வேண்டும், அலுமினியத்துக்குத் தனி இடமும் தனிக் கருவியும் வேண்டும், ஏனென்றால் இரும்புத்தூள் கலந்தால் அரிக்கும். எந்த ஊரில் செய்வீர்கள், யார் செய்வார்கள், முடித்த பிறகு அளவெடுத்த பிரிண்ட் தருவீர்களா என்று வொர்க்‌ஷாப்பில் கேட்டேன். மூன்று முறை கேட்டும் "எல்லாம் கம்பெனி ஸ்டாண்டர்டுதான் சார்". பிரிண்ட் பற்றிப் பேச்சே இல்லை.

அன்று ராத்திரிதான் ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். 6.7 போட்டுச் சரிசெய்தால் கையில் இருப்பது அடிபட்ட சரித்திரம் உள்ள டிடி. விசாரித்த இரண்டு டீலரும் 15-க்கு மேல் பேசவில்லை. ரிப்பேர் செய்யாமல் கேஷ் லாஸாக (பணமாக வாங்கிக்கொண்டு) முடித்துக்கொள்ளலாமா என்று கம்பெனியில் கேட்டேன். ஜிஎஸ்டி பில் வராது என்பதால் அதைக் கழித்துக்கொண்டு 9.7 என்றார்கள், பேசிப் பேசி 10.4-க்கு வந்தது. வண்டி என்னிடமே. அதை அப்படியே 8.1-க்கு வெளியூர்க்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். ஆக 18.5. வொர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் சார்ஜ், நாள் கணக்கில் பார்க்கிங் சார்ஜ் என்று நாற்பதாயிரத்துச் சொச்சம் வைத்தார்கள். ஆறு வாரம் உருகியதற்கான வாடகை.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

*

பழைய சர்வேயர்:

கணக்கு சரியாகவே போட்டிருக்கிறார்கள். 75 சதவீதம் பற்றிப் பாலிசியில் உள்ள வாக்கியத்தின் நடுவில் "பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்று ஒரு வால் இருக்கிறது. தேய்மானக் கழிவும் நிபந்தனைதானே என்று நாங்கள் படிப்போம். மொத்தச் செலவுதான் என்று வண்டிக்காரர் படிப்பார். என் சர்வீஸில் பாதிச் சண்டை இந்த வாலில்தான்.

நீங்கள் ஒன்று செய்திருக்கலாம். அடிபட்ட வண்டியைப் பிரித்தால்தான் முழுச் சேதம் தெரியும். சர்வேயர் முன்னிலையில் பிரிக்கச் சொல்லி, கூடுதல் எஸ்டிமேட் கேட்டிருக்க வேண்டும். கியர்பாக்ஸ் மவுன்டோ ஸ்டியரிங் ரேக்கோ அடிபட்டிருந்தால் கதையே மாறியிருக்கும். அப்போதும் ஒத்துவரவில்லை என்றால் கம்பெனிக்கு எழுத்தில் புகார், ஒரு மாதம் பொறுத்து இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). சென்னை ஆபீஸ் தேனாம்பேட்டையில். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். உச்சவரம்பு இப்போது 50 லட்சம்.

மற்றபடி அந்த டிங்கருக்கு என் வணக்கம்.

*

விஆர்எஸ் 200:

நான் நேர் எதிர். என்னுடையது ஆக்டேவியா ஆர்எஸ் 245, 2020-ல் நாட்டுக்கே வந்தது 200 வண்டிதான், பேரும் அதனால்தான். ஸ்போர்ட்ஸ் கார் லிஸ்டில் சேர்ப்பீர்களோ என்னவோ. ஒன்றரை வயது. சென்னை ஜிஎஸ்டி ரோட்டில் சிக்னலில் நிற்கும்போது பின்னால் டிப்பர். முன்னால் பஸ். நடுவில் நான்.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (இன்வாய்ஸ் தொகையே கிடைக்கும் கூடுதல் கவர்) போட்டிருந்ததால் யோசிக்கவே இல்லை. டோட்டல் லாஸ், இன்வாய்ஸ் தொகை, முதலில் பேங்க் தன் லோனை எடுத்துக்கொண்டு மீதி எனக்கு. இரண்டு சாவி, ஆர்சி கொடுத்து, பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து. சுபம் என்று நினைத்தேன்.

எட்டு மாதம் கழித்து என் போனுக்கு இ-சலான். வேற்று மாநிலம், அதிவேகம். போட்டோவைத் திறந்தால் என் நம்பர் பிளேட், என் வண்டி, என் கலர்! நசுங்கிப் பார்த்ததை யாரோ கட்டி எழுப்பி ஓட்டுகிறார்கள். ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அவன் யாரையாவது அடித்திருந்தால் கோர்ட்டில் போய் நிற்பது நான். கம்பெனியிடமிருந்து ஏலத்தில் வாங்கியவர் பேருக்கு மாறவே இல்லை, ஆர்சி இன்னும் என் பேரில். கம்பெனி, ஏலம் எடுத்தவர், ஆர்டிஓ என்று நாலு மாதம் அலைந்தேன்.

இனி ஓடாது என்று ஆகிவிட்ட வண்டி என்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓ-வுக்கு எழுதி ஆர்சி-யை ஒப்படைக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவு சொல்கிறது. ஓடும் என்று யாராவது எடுத்தால் பெயர் மாறும்வரை விடாதீர்கள். திருட்டு வண்டிக்கு அடிபட்ட வண்டியின் சேசிஸ் நம்பரைப் போட்டு ஓட்டுவதும் உண்டு. டிடி நண்பரே, வெளியூர்க்காரர் பெயர் மாற்றினாரா?

*

ஈஸ்ட் ஹாம் ரோட்ஸ்டர்:

நான் லண்டனில இருக்கிறன். இஞ்ச கதை வேற. என்ர மஸ்டா எம்எக்ஸ்-5 பழசு, பெறுமதி நாலாயிரம் பவுண் சொச்சம்தான். 2019ல ஒருத்தி ரவுண்டபௌட்டில வந்து பக்கத்தில இடிச்சுப்போட்டா. கதவும் பின் பனலும் போச்சு, ஆனா சில்லு நேரா ஓடுது. புதுச் சாமான் போட்டுத் திருத்தினா வண்டியின்ர விலையைத் தொடும் எண்டு இன்சூரன்ஸ்காரர் எழுதித் தள்ளிப்போட்டினம்.

இப்பிடி எழுதித் தள்ளின வண்டிக்கு இஞ்ச 2017 அக்டோபரில இருந்து நாலு வகை: ஏ (A), பி (B), எஸ் (S), என் (N). ஏ எண்டா முழுசா நசுக்க வேணும். பி எண்டா சாமானைக் கழட்டலாம், பொடியை, அதாவது வண்டிக் கூட்டை, நசுக்க வேணும். எஸ் எண்டா எலும்பில, அதாவது உள்சட்டத்தில, அடி. என் எண்டா எலும்புக்கு ஒண்டுமில்லை. எனக்குக் கிடைச்சது "என்" வகை. காசை வாங்கிக்கொண்டு, அதில 700 பவுண் கழிச்சு விட்டுப்போட்டு வண்டியையும் நானே எடுத்திட்டன். உடைக்கிற யார்டில அதே நிறத்தில கதவு ஒண்டு கிடைச்சது, அதிர்ஷ்டம். ஒரு கிழமையில ஓடிச்சுது, இப்பவும் ஓடுது.

விக்கப் போனா அந்த "என்" சாகும்வரைக்கும் கூட வரும், விலை விழும். நான் விக்கப்போறதில்லை, அதால கவலையில்லை. எஸ் வந்திருந்தா தொட்டிருக்கவும் மாட்டன்.

*

பின்சீட் பயணி:

எல்லாம் சரி, ஒரு சந்தேகம். டிடி ஸ்பாய்லர் 120-ல் எழுந்து, வேகம் 80-க்குக் கீழே வந்தால் தானாக இறங்கிவிடும். வண்டி நின்றபோது அது கீழே இருந்தது எதற்குச் சாட்சி?

*

கொங்கு டர்போ:

பின்சீட் பயணி, மச்சானிடம் இதைக் காட்டினேன். "போலீஸ்காரர் கேக்கல, இவருக்கென்ன" என்கிறான்.

சர்வேயர் ஐயா, பிரிக்கச் சொல்லும் யோசனை அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிச்சயம் கேட்டிருப்பேன். 24-க்கும் 18.5-க்கும் நடுவில் உள்ளது எனக்குச் சின்னத் தொகை இல்லை.

விஆர்எஸ் 200, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கைநடுக்கத்தோடு பரிவாஹன் (அரசின் வாகனப் பதிவு) தளத்தில் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். பெயர் மாறியிருக்கிறது. ஓடுகிறதா, சென்னைப் புதுப்பேட்டை பழைய உதிரிபாகச் சந்தையில் துண்டு துண்டாகக் கிடக்கிறதா தெரியாது, தேடவும் போவதில்லை.

நான் இப்போது ஓட்டுவது அம்மா சொன்ன பெரிய வண்டி. டிடி-க்கென்று வாங்கி வீட்டிலேயே வைத்திருந்த 18 அங்குல அலாய் நாலும் இன்னும் ஷெட்டில் இருக்கின்றன. 5 போல்ட், பிசிடி (போல்ட் வட்டத்தின் விட்டம்) 112. ஆக்டேவியாக்காரர்கள் யாராவது ஆஃப்செட் பொருந்துமா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். டயர் புதுசு, ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. தீபாவளிக்கு மாட்டலாம் என்று இருந்தது அதுதான்.