சூடானில் உள்ள மெரோவே பிரமிடு படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்காகச் சுவரில் ஒட்டும் படக் கண்காட்சி ஒன்று தயார் செய்கிறேன். பிரமிடு என்றாலே எகிப்துதான் என்கிறார்கள். சூடானில் 200-க்கும் மேல் இருக்கிறது என்றால் நம்பமாட்டேன் என்கிறார்கள்!

2023-இல் சூடானில் போர் தொடங்கும் முன் அதன் தலைநகர் கார்த்தூமில் வேலை பார்த்தவர்கள் இந்தக் குழுவில் இருப்பீர்கள். விடுமுறையில் மெரோவே பக்கம் போனவர்கள், நீங்களே எடுத்த படம் இருந்தால் தர முடியுமா? இணையத்தில் கிடைப்பவை எல்லாம் தூரத்தில் இருந்து எடுத்தவை. எனக்கு வேண்டியது கிட்டத்துப் படங்கள்: கிழக்குப் பக்கம் ஒட்டி நிற்கும் சின்ன வழிபாட்டு அறை, அதன் சுவரில் மணல் காற்று அரித்த சிற்பங்கள், பழைய பயணிகள் கல்லில் கிறுக்கிவிட்டுப் போன பெயர்கள். (அந்தக் காலத்திலேயே இந்த வியாதி!)

முக்கியமாக, அரசி அமானிஷகேத்தோவின் பிரமிடு. 1834-இல் ஃபெர்லினி என்ற இத்தாலியர் தங்கம் தேடி அதை இடித்தார். கிடைத்த நகைகள் இப்போது பெர்லினிலும் மியூனிக்கிலும் இருக்கின்றன. ஜெர்மனியில் இருப்பவர்கள் அங்கே போய் எடுத்த படம் இருந்தாலும் அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் சரி, உங்கள் பெயர் போட்டே ஒட்டுகிறேன்.