கேலரியில் டிஜிட்டல் ஓவியம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

குடந்தைவாசி:
சென்னையில் ஒரு குழுக் கண்காட்சி, மகாமகக் குளத்தின் படித்துறையை டேப்லெட்டில் வரைந்து பிரிண்ட் எடுத்து மாட்டியிருந்தேன். பெரியவர் ஒருவர் வெகுநேரம் நின்றார், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் தண்ணீரில் விழுந்த மண்டப நிழலை அவ்வளவு நிதானமாகப் பார்த்தார். அப்புறம் பக்கத்துச் சீட்டைப் படித்தார். பிக்மென்ட் பிரிண்ட், அதாவது நிறமி மையில் அச்சிட்டது என்று இருந்தது. "ஒரிஜினல் எங்க தம்பி?" என்றார். இதுதாங்க ஐயா என்றேன். அடுத்த படத்துக்குப் போய்விட்டார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீட்டைப் படிக்கும்வரை அவருக்குப் பிடித்திருந்ததே, அது எங்கே போயிற்று?

தஞ்சைப் பெண்:
பெரியவர் கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் வீட்டில் தஞ்சாவூர்ப் படம்தான் தொழில். பலாப் பலகை, துணி, மக்குப் பூச்சு, கல், தங்க ரேக்கு என்று வாரக்கணக்கில் போகும், கண்ணை மட்டும் கடைசியில்தான் திறப்பார் அப்பா. தம்பி ஐபேடில் வரைந்த வெண்ணெய்க் கிருஷ்ணனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தவர் கேட்டது ஒன்றுதான்: "கண்ணை எப்படா தெறந்தே?" அது தனி லேயர்ப்பா, எப்ப வேணும்னாலும் மூடலாம் தெறக்கலாம் என்று தம்பி செய்தே காட்டினான். கண் போயிற்று, வந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் ஐபேடைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மாயவரத்தான்:
இரண்டு பேருக்கும் சொல்கிறேன், டிஜிட்டல் படம் ஒரிஜினலா என்ற இந்த வாக்குவாதம் வெளிநாட்டில் எப்போதோ முடிந்துவிட்டது. பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி ஐபேடில் வரைந்ததை லண்டன் ராயல் அகாடமி 2012லேயே ஆளுயரத்துக்கு மேல் அச்சிட்டு மாட்டியது, 2021இல் அங்கேயே 116 ஐபேட் படங்களோடு தனிக் கண்காட்சி. என் படத்தையும் ஒரு கேலரி எடுத்துக்கொண்டது, ஆனால் நான் திரையில் போட்ட நாற்றங்கால் பச்சை காகிதத்தில் செத்துப்போய்க் கிடந்ததைப் பார்த்து நின்றேனே, அதுதான் உறுத்துகிறது. திரையின் பளிச்சென்ற பச்சை பல மையில் வராது. அதனால் முதலில் சாஃப்ட் புரூஃப் (அச்சில் நிறம் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டுவது) பாருங்கள், சின்னத் துண்டு அச்சிட்டுப் பாருங்கள். 24க்கு 36 அங்குலம் வேண்டுமென்றால் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) 7200க்கு 10800 பிக்சல், வரைய ஆரம்பிக்கும்போதே வையுங்கள். அமிலமில்லாத பருத்திக் காகிதம், பிக்மென்ட் மை. எத்தனை பிரதி என்று முன்பே முடிவு செய்து, பென்சிலில் 1/10 என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், பதினொன்றாவது அடிக்கவே கூடாது. சான்றிதழ் கொடுங்கள். நம்ம ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் காக்கும், சட்டத்துக்கும் சுவருக்கும் இடைவெளி விடுங்கள். பிளெக்ஸ் கடையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

தஞ்சைப் பெண்:
அண்ணா, அச்சடிப்பதைப் பற்றி நான் கேட்கவே இல்லையே. கண்ணைப் பற்றிச் சொன்னேன்.

ஆரூரான்:
பிளெக்ஸ் கடை என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். திருவாரூரில் சுவர் எழுத்தும் பேனரும் கையால் எழுதிக்கொண்டிருந்தவன் நான், பிளெக்ஸ் வந்ததும் பிரஷ் மூலைக்குப் போனது. எழுத்து கற்க வந்த நுண்கலைக் கல்லூரிப் பையன் தன் டேப்லெட் பேனாவை என் கையில் கொடுத்தான். வேண்டா வெறுப்பாகத்தான் 'அ' போட்டேன். அழுத்தினால் தடிக்கிறது, கையைத் தளர்த்தினால் மெலிகிறது, சுழியை வளைக்கும்போது என் பழைய இழுப்பு அப்படியே வந்தது. அச்சு இயந்திரம் அதைச் செய்யாது, அது என் கை. குடந்தைத் தம்பி, நீங்கள் வரைகிற ஆப் கோடு கோடாக வரைந்த விதத்தை வீடியோவாகப் பதிந்து வைக்கிறதாமே, அதைப் படத்துக்குப் பக்கத்தில் ஓட விடுங்கள், பெரியவர் நின்று பார்ப்பார்.

குடந்தைவாசி:
கேட்டேன் அண்ணே. வீடியோ ஓடினால் ஜனம் அதைத்தான் பார்க்கும், படத்தைப் பார்க்காது என்று கேலரியில் மறுத்துவிட்டார்கள். அதுவும் சரியாகத்தான் படுகிறது. அடுத்த கண்காட்சிக்கு வாசல் பக்கம் தனியாக வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறேன்.