துவள்குழாய்: தாங்கிக்குள் அலையும் குழாய்க்கு ஒரு பெயர்

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

கனடாவில் ஆர்.வி.-8 என்ற சின்ன விமானத்தைத் தானே கட்டிக்கொண்டிருக்கும் தம்பி ஒரு சொல் கேட்டிருந்தார்: தலைகீழாகப் பறந்தாலும் எரிபொருள் எடுக்கும்படி தாங்கிக்குள் (டேங்குக்குள்) அலையும் குழாயை, ஆங்கிலத்தில் flop tube என்பதை, தமிழில் எப்படிச் சொல்வது? நம் குழுவில் அதற்கு இதுவரை மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன: தலைகீழ் உறிஞ்சி, தொங்குகுழாய், குண்டுக்குழாய். என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தொழில் மட்டக்களப்பு, கல்லடியில் சின்ன எஞ்சின் வேலை. புல் வெட்டும் மெசின், மருந்தடிக்கும் மெசின், தோணி எஞ்சின், இவைதான். விமானத்தில் கை வைத்தவன் இல்லை. ஆனால் தம்பி போட்ட படத்தைப் பார்த்ததும், அட, இது நம்ம சாமான் அல்லவா என்றுதான் தோன்றியது.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: வழக்கமான தாங்கியில் எரிபொருள் எடுக்கும் குழாய் அடியில் அசையாமல் நிற்கும். விமானம் தலைகீழாகப் பறந்தாலோ, நிமிர்ந்தே பறக்கும்போது மூக்கைச் சடாரென்று கீழே தள்ளினாலோ பெற்றோல் தாங்கியின் மேல்தகட்டுக்கு ஏறிவிடும். குழாயின் வாய் வெறுங்காற்றில் நிற்கும். அதற்காகத்தான் வளையக்கூடிய ஒரு ஓஸ், அதன் நுனியில் பாரமான ஒரு துண்டு, அதில் வலை. பெற்றோல் எந்தப் பக்கம் போகிறதோ பாரமும் அந்தப் பக்கம் விழும், வாயும் கூடவே போகும்.

புல் வெட்டும் மெசினிலும் இதேதான். வயல் வரம்பில் புல் வெட்டுகிறவர் மெசினைச் சரித்துத் திருப்பி எப்படியெல்லாமோ பிடிப்பார், எஞ்சின் நிற்காது. தாங்கியின் மூடியைத் திறந்து, நுனியை வளைத்த கம்பியை விட்டு இழுத்தால் மெல்லிய ஓஸும் அதன் முனையில் கட்டை போன்ற வடியும் (வடிகட்டியும்) வெளியே வரும். "சரிச்சுப் பிடிச்சா நிண்டு போகுது" என்று ஒருவர் மெசினைக் கொண்டுவந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். பழைய ஓஸ் கறுத்து, விறைத்து, எந்த வளைவில் பழகியதோ அந்த வளைவிலேயே நிற்கும். வடி ஒரு மூலையைப் பிடித்தபடி கிடக்கும். பெற்றோல் மறுபக்கம் இருக்கும்.

நான் பெயர் தேடுவது இந்தப் பழுதிலிருந்துதான். பறக்கிறவருக்குத் தலைகீழ்தான் விசேஷம், சரி. ஆனால் இந்தச் சொல்லை அதிகம் எழுதப்போகிறவர் பராமரிக்கிறவர். ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கும்போது பதிவுப் புத்தகத்தில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி ஓடுகிறதா என்று பாருங்கள்: "தலைகீழ் உறிஞ்சி விறைத்தது." வாசிக்கிறவருக்கு என்ன விளங்கும்? உறிஞ்சியையே தலைகீழாகப் பொருத்திவிட்டார்கள் என்று நினைப்பார். உறிஞ்சுவதும் இதுவல்ல, பம்பு. அதோடு தலைகீழ்ப் பறப்புக்கென்று வேறு சாமான்களும் விமானத்தில் உண்டு. மிதவைக் காபரேட்டர் தலைகீழில் சரிவராது என்பதால் லைகொமிங் கம்பெனி சாகசப் பறப்புக்கென்று செய்யும் ஏ.ஈ.ஐ.ஓ. வகை எஞ்சின்களில் எரிபொருளைப் பீய்ச்சும் முறை வைத்திருக்கிறார்கள். எஞ்சின் எண்ணெய்க்கும் தனி ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் முன்னால் "தலைகீழ்" ஒட்டினால் எதை எதென்று பிரிப்பது?

"தொங்குகுழாய்" காதுக்கு நல்லாகத்தான் இருக்கிறது. பிட்ஸ் போன்ற இருதள விமானங்களை மனதில் வைத்து அதைச் சொன்ன கோயம்புத்தூர் அண்ணனுக்கு ஒரு நியாயம் உண்டு. அங்கே தாங்கி விமானிக்கு முன்னால், உடற்பகுதியில், ஆழமாக இருக்கிறது. ஆர்.வி.யில் தாங்கி இறக்கையின் முன்விளிம்பு. அந்த உயரத்துக்குள் குழாய் படுத்துக்கிடக்கிறது, புரள்கிறது. தொங்குவதற்கு இடம் எங்கே? (அண்ணன், உங்கள் "தொட்டி"யையும் தாங்கி என்று மாற்றிவிட்டேன். இங்கே தொட்டி என்றால் மாட்டுக்குத் தண்ணீர் வைப்பது.)

குண்டுக்குழாய் வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆராய்ச்சி தேவையில்லை. மட்டக்களப்பில் இருந்துகொண்டு "விமானத்தின் இடது தாங்கியில் குண்டு இருக்கிறதா என்று பார்த்தேன்" என்று நான் எழுதமாட்டேன். எங்கள் வயதுக்காரர் யாரும் எழுதமாட்டார்கள். பாரம் என்று நல்ல சொல் இருக்கிறது. முனைப்பாரம் என்போம்.

நான் சொல்வது துவள்குழாய்.

சம்மாந்துறைத் தம்பி, "நெகிழ்குழாய் ஏற்கெனவே இருக்கிறதே" என்று தனியாக எழுதிக் கேட்டிருந்தார். இருக்கிறது, ஆனால் எஞ்சின் பக்கம் போகும் ஓஸ் எல்லாமே நெகிழ்குழாய்தான். நாம் வளைத்தால் வளைவது நெகிழ்வு. இந்தக் குழாய் யாரும் வளைக்காமல் தானே விழ வேண்டும், அது துவள்வு. இன்னொரு வசதியும் உண்டு. பலர் இதை ஒரு தாங்கியில் மட்டும், பெரும்பாலும் இடது தாங்கியில், பொருத்துகிறார்கள். அப்படியானால் வலது தாங்கியில் நிலைக்குழாய், இடது தாங்கியில் துவள்குழாய். குட்டிக்கரணம் போடுவதற்கு முன் எந்தத் தாங்கிக்கு மாற்ற வேண்டும் என்பதை இந்த இரண்டு சொல்லிலேயே சொல்லிவிடலாம்.

இப்போது பதிவுப் புத்தகத்தைத் திறவுங்கள்:

"துவள்குழாய் விறைத்தது, மாற்றப்பட்டது."
"துவள்குழாய் விலாவில் மாட்டி நின்றது."
"முனைவலையில் அடைப்பு, கழுவப்பட்டது."
"துவள்குழாயின் அடிநட் தளர்வு, காற்றிழுப்பு."

நாலும் நாலு வேறு பழுது. முதலாவது, ரப்பர் கிழடாவது. எதனோல் கலந்த பெற்றோல் சில ரப்பர்களைச் சீக்கிரமே கெடுத்துவிடும். வெளியே எவர்சில்வர் கம்பிப் பின்னல் போட்ட ஓஸ் என்றால் ஏமாற வேண்டாம்: பின்னல் பளபளவென்று இருக்கும், உள்ளே ரப்பர் வெடித்திருக்கும். இரண்டாவது, தாங்கியை உள்ளே அறை அறையாகப் பிரிக்கும் விலாத்தகட்டின் ஓட்டையிலோ, பெற்றோல் எவ்வளவு என்று காட்டும் மட்டமானியின் கம்பியிலோ முனைப்பாரம் போய்ச் செருகிக்கொள்வது. அதைத் தடுக்கத்தான் உள்ளே வளைகம்பி வைக்கிறார்கள், மிதவை வைத்த மட்டமானியை அடுத்த அறைக்குத் தள்ளுகிறார்கள். நாலாவதுதான் பொல்லாதது. நட் லேசாகத் தளர்ந்தால் தாங்கி நிறைந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. பெற்றோல் அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் குழாய் அந்த இடுக்கால் காற்றை இழுக்கும். முனை பெற்றோலுக்குள்தான் இருக்கும், எஞ்சின் இருமும்.

சோதிப்பதற்கு எல்லோரும் சொல்வது, தாங்கியில் பெற்றோல் குறைவாக இருக்கும்போது இறக்கையை ஆட்டிக் காதைக் கொடுப்பது. பாரம் தகட்டில் "டொக்" என்று விழ வேண்டும். நல்ல வழிதான். ஆனால் சத்தம் கேட்டால் பாரம் அசைகிறது என்று மட்டுந்தான் அர்த்தம், மேல்தகடு வரை போகிறது என்று அர்த்தமில்லை. பாதி விறைத்த குழாயும் கொஞ்சம் ஆடும், சத்தமும் போடும். நிரப்பும் வாயால் சின்னக் கமரா விட்டுப் பார்ப்பது மேல். "டொக்குச் சோதனை" என்றே பட்டியலில் போடலாம் என்பது என் ஆசை. பேராசிரியர் ஐயா கோபிக்கக்கூடாது.

ஐயா எப்படியும் "துவளி" என்று சுருக்கச் சொல்வார் என்று தெரியும். ஐயா, குழாய் இருக்கட்டும். மெக்கானிக் சொல்லைப் பார்த்தவுடன் கை எங்கே போக வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

உள்ளறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் விலாவில் வைக்கும் அந்தச் சின்னக் கதவுக்கு நான் அதிகம் யோசிக்கவில்லை. பெற்றோலைக் குழாய் இருக்கும் அறைக்குள் விடும், திரும்பிப் போக விடாது. ஒருவழிக்கதவு. போதும்.

தம்பி, உங்கள் தாங்கி இன்னும் இறக்கையில் ஏறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்து மூடியைப் பசை போட்டு அடைக்கும் முன், தாங்கியை மேசையில் வைத்து மல்லாத்தி, குப்புற, மூக்கு மேலே, மூக்கு கீழே என்று எல்லாப் பக்கமும் கையால் புரட்டி, முனைப்பாரம் எந்த மூலையில் தயங்குகிறது என்று பாருங்கள். தயங்கினால் குழாயின் நீளத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்தப் படத்தையும் போடுங்கள். முனைவலைக்கு "முனைவடி" நல்லதா என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.