பழைய படங்களுக்கு அன்று போட்ட மார்க்கும் இன்று போடும் மார்க்கும்: டெல்டாக்காரர்களின் அனுபவங்கள்

பாபநாசத்துக்காரர்:

ஒரு படம் வந்தபோது பத்திரிகையில் என்ன எழுதினார்கள், அதே படத்தை இப்போது எப்படிப் பேசுகிறார்கள்? நம்ம பக்கத்தில் பார்த்தவர்கள், வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் எழுதுங்கள். போணி நானே பண்ணுகிறேன்.

மாமா வீட்டுப் பரணில் ஆனந்த விகடன் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிய கட்டுகள் இருந்தன. ஓரமெல்லாம் எலி கடித்தது. அதில் ஒன்று 'தியாகபூமி'. படத்தின் ஸ்டில்களையே கதைக்குப் படமாகப் போட்டிருப்பார்கள். சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன் உட்கார்ந்திருப்பார். 1939இல் வந்த அந்தப் படத்தை எடுத்த கே. சுப்பிரமணியம் எங்கள் ஊர்க்காரர். கதை எழுதிய கல்கி மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலம்.

இந்தக் கல்கிதான் 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படத்தைப் பார்த்துவிட்டு, அதில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும் என்று எழுதியவர். லட்ச ரூபாய் சம்பளம் வாங்கிய நடிகைக்கு அப்படி ஒரு விமர்சனம்! "ஊரைக் கிழிச்ச மனுஷன் தானே கதை எழுதினா அதை யார் கிழிக்கிறது?" என்பார் மாமா. கிழித்தது வெள்ளைக்கார சர்க்கார். படத்துக்குத் தடையே போட்டது. அன்றைக்கு அது காந்தி படம், காங்கிரஸ் படம். இன்றைக்கு எழுதுகிறவர்கள் கதரையும் ராட்டையையும் தாண்டிப் போய், புருஷனுக்கு நானே ஜீவனாம்சம் தருகிறேன் என்று சாஸ்திரியின் மகள் சாவித்திரி சொல்லும் இடத்தில்தான் நிற்கிறார்கள்.

திருவாரூர்க்காரர்:

எங்கள் பக்கத்துத் திருக்குவளைக்காரர் கருணாநிதி வசனம் எழுதிய 'பராசக்தி'யை விட்டுவிட்டால் எப்படி? 1952 தீபாவளிக்கு வந்த படம். தினமணி கதிர் பக்கம் பக்கமாகத் திட்டியது, அட்டையில் 'பரப்பிரம்மம்' என்று தலைப்புப் போட்டுக் கேலிச்சித்திரம் வேறு. தி.மு.க.காரர்கள் அந்தத் தலைப்பையே எடுத்து நாடகம் போட்டு ஊர் ஊராகப் போனார்கள். இப்போது திட்டுபவர்களும் வசனத்தைத் திட்டுவதில்லை, நாடகம் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டுமே, கோர்ட் சீனை மனப்பாடமாகச் சொல்லாத கல்யாண வீடு எங்கள் தெருவில் கிடையாது.

சிக்கல்காரர்:

நான் சும்மா இருந்தால் ஊர் ஏசும். 'தில்லானா மோகனாம்பாள்' 1968 ஆடியில் வந்தது. ஆடியில் முகூர்த்தம் ஏது? பெரியப்பா தவில்காரர். மேளக்காரர்கள் செட்டாகக் கிளம்பி நாகப்பட்டினம் போய்ப் பார்த்தார்களாம்.

அவர்கள் பார்த்தது முகத்தை இல்லை, விரலை. நாகஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரமாக வரும் சிவாஜி எந்தத் துளையை எப்போது மூடுகிறார், பிருகா என்கிற வேகமான சுரங்கள் வரும்போது விரலும் கூடவே ஓடுகிறதா, மூச்சு எங்கே வாங்குகிறார், கன்னம் எங்கே உப்புகிறது என்று. விரலில் கூடு மாட்டிக்கொண்டு பாலையா தவிலோடு உட்காரும் தோரணையைப் பெரியப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்: "கை கொஞ்சம் முன்னப்பின்னதான். ஆனா தவில்காரன் திமிர் அப்படியே இருக்கு." ஒரு குறை மட்டும் தீரவே இல்லை. படத்துக்கு நிஜத்தில் நாகஸ்வரம் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அவர்கள் வாசிப்பில் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு வாசிக்கக் காவிரிக் கரையில் ஆளா இல்லை?

சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வந்தது, கே.எஸ். பிரசாத்தின் ஒளிப்பதிவுக்கும் வந்தது. ஆனால் ஊர்ப் பேச்செல்லாம் சிவாஜி பத்மினி ஜோடி, வைத்தியாக நாகேஷ், ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா. சமீபத்தில் ஆராய்ச்சிக்கு என்று வந்த ஒரு பெண் எங்கள் வீட்டில் கேட்டதோ நாட்டியக்காரி மோகனாவின் அம்மா வடிவாம்பாளைப் பற்றி: பணக்காரர்களிடம் பெண்ணைத் தள்ளப் பார்க்கிற அம்மாவை வில்லியாகக் காட்டியது நியாயமா என்று. பெரியம்மா சொன்னார், "படம் வந்தப்பவே நாங்க அடுப்படியில பேசினது இதுதான். அந்தக் குடும்பத்துல அவ வேற என்னடி செய்வா?" அடுப்படிக்கு எந்த நிருபர் வந்தார்!

கும்பகோணத்துக்காரர்:

அப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். 'அந்த நாள்' (1954) ஓட்டின ராத்திரி தரை டிக்கெட்டிலிருந்து "பாட்டு எங்கடா?" என்று கேபினைப் பார்த்துச் சத்தமாம். ரீலை மாற்றிப் போட்டுவிட்டார் என்று அவர் மேலேயே சந்தேகம். பாட்டே இல்லாத படம், சிவாஜி தேசத்துரோகி, கதையும் ஆளுக்கொரு விதமாக முன்னும் பின்னும் போகும். மணலைக் குவித்து உட்கார்ந்தவர்கள் என்ன செய்வார்கள், பாவம். இன்று அதை இயக்கிய எஸ். பாலசந்தரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். விமர்சகர்களுக்குப் புரிய இத்தனை வருஷமா?

பாபநாசத்துக்காரர்:

அண்ணே, அங்கே கொஞ்சம் நில்லுங்க. அந்தப் படத்துக்கு அப்போதே தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. படித்தவர்கள் உடனே பாராட்டினார்கள், படுக்க வைத்தது தரை டிக்கெட்தான். 'அவள் அப்படித்தான்' (1978) கதையும் ஏறக்குறைய இதேதான். தோற்ற படத்துக்கெல்லாம் விமர்சகர் தலையை உருட்டுவது நம்ம வழக்கமாகிவிட்டது.

திருநாகேஸ்வரத்துக்காரர்:

எங்கள் ஊர் வருகிறதே என்று 1994 பொங்கலுக்குக் குடும்பத்தோடு 'மகாநதி' போனோம். பொங்கலும் அதுவுமாக இப்படி அழ வைப்பார்களா என்று அம்மா பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்கும் தேசிய விருது வந்தது, இப்போது சிறந்த படங்கள் பட்டியல் போடுகிறவர்கள் அதை விடுவதே இல்லை. போன வாரம் டிவியில் போட்டார்கள், அம்மாவைக் கூப்பிட்டேன். "நல்ல படம்தான், யாரு இல்லேன்னா? நீ பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த ரூமுக்குப் போய் சீரியல் போட்டுக்கொண்டார்.