ரைனூரா ஃப்ளோரிடானா: பல்லியா, பாம்பா? எதைப் பார்த்து அடையாளம் காண்பது?

கேள்வி (வளையன்):
ரைனூரா ஃப்ளோரிடானா எனப்படும் ஃப்ளோரிடா புழுப்பல்லி பற்றிக் குறிப்பு எழுதுகிறேன். மண்ணுக்குள் வாழும், மண்புழு போன்ற காலில்லா ஊர்வன இது. பழைய நூல்கள் புழுப்பல்லிகளைப் பல்லி, பாம்பு இரண்டுக்கும் இணையான மூன்றாவது துணைவரிசையாக (வகைப்பாட்டில் குடும்பத்துக்கு மேலான பெரும் பிரிவு) வைக்கின்றன. புதிய பட்டியல்களிலோ பல்லிகளுக்குள்ளேயே வருகின்றன. எதை எழுதுவது? மாதிரி கையில் இருந்தால் மண்புழு, செவிப்பாம்பு (மண்ணுக்குள் வாழும் சிறு புழுப்பாம்பு) இரண்டிலிருந்தும் எப்படிப் பிரிப்பது?

பதில் (செதில்):
புதியதையே எழுதுங்கள். கால் இல்லை, கண் மறைந்திருக்கிறது, மண்டையோடு இறுகியிருக்கிறது என்று தோற்றத்தை வைத்துத்தான் தனித் துணைவரிசை ஆக்கினார்கள். மண்ணுக்குள் வாழப்போன பல கிளைகள் தனித்தனியாகவே இந்த வடிவத்துக்கு வந்திருப்பதால், அந்தப் பண்புகளை நம்பி உறவு சொல்ல முடியாது. 2004-இலிருந்து வந்த மரபணு ஆய்வுகள் இவற்றை லாசெர்டிடே குடும்பத்துப் பல்லிகளுக்கு அருகில் வைக்கின்றன. பாம்போடு நெருக்கம் இல்லை.

இந்த இனத்தை 1859-இல் அமெரிக்க விலங்கியலாளர் பெயர்ட் விவரித்தபோது லெபிடோஸ்டெர்னான் பேரினத்தில் வைத்தார். இப்போது ரைனூரிடே குடும்பம். அந்தக் குடும்பத்தில் இன்று உயிரோடிருப்பது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் வட அமெரிக்கப் புதைபடிவங்கள்.

பதில் (மணல்வாசி):
அடையாளத்துக்கு நிறத்தை நம்பாதீர்கள். உயிரோடு இருக்கையில் இளஞ்சிவப்பு, பதப்படுத்தச் சாராயத்தில் போட்டால் வெளுத்துவிடும். ஒட்டிய மண்ணைத் தண்ணீரில் கழுவிவிட்டு 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்.

முதலில் உடல். வளையம் மண்புழுவுக்கும் உண்டு. ஆனால் இதில் ஒவ்வொரு வளையமும் சின்னச் சின்னச் செவ்வகச் செதில்களாகப் பிரிந்திருக்கும். தோல் வறண்டிருக்கும், கொழகொழப்பு இராது. செவிப்பாம்புக்கு வளையமே கிடையாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வழவழப்பான செதில்கள், கண் இருக்குமிடத்தில் இரண்டு கரும்புள்ளி, வால் நுனியில் ஒரு முள். தொட்டிச் செடி மண்ணோடு ஃப்ளோரிடாவுக்கும் போய்விட்டதால் குழப்பம் அங்கேயும் உண்டு.

அடுத்து தலை. மண்வெட்டி போலத் தட்டையான மூக்கு, கீழ்த்தாடை அதற்கு உள்வாங்கியிருக்கும். நாசித்துளைகள் மூக்கின் அடிப்புறம், தோண்டும்போது மணல் ஏறாது. வெளியே கண்ணோ காதுத்துளையோ தெரியாது. தலையை மேல்நோக்கி உந்தி மண்ணை வளையின் கூரையில் அழுத்திக்கொண்டே போகும்.

வாலை விட்டுவிடாதீர்கள். குட்டையானது, மேற்புறம் தட்டையாகி முண்டு முண்டாக இருக்கும். தலையை மட்டும் படமெடுத்து அனுப்புகிறவர்களால்தான் பாதிச் சிக்கல்.

நீளம் பெரும்பாலும் 18 முதல் 28 செ.மீ., அரிதாக 40 வரை. செவிப்பாம்பு அந்த அளவுக்குப் போகாது. ஆனால் குட்டிகளிடம் இந்த அளவுகோல் செல்லாது.

வளையன்:
வளையங்களை எண்ணினால் முதுகெலும்புக் கணுக்களின் எண்ணிக்கை தெரிந்துவிடுமா?

செதில்:
தோராயமாகத் தெரியும். உடற்பகுதியில் ஒரு கணுவுக்குப் பொதுவாக இரண்டு வளையங்கள். ஆனால் முதுகுப்புற எண்ணிக்கையும் வயிற்றுப்புற எண்ணிக்கையும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. தலைக்குப் பின்னாலுள்ள முதல் சில வளையங்களும் ஒழுங்காக இரா. எந்தப் பக்கம், எந்த வளையத்திலிருந்து தொடங்கினீர்கள் என்று குறிக்காவிட்டால் இன்னொருவர் எண்ணிக்கையோடு ஒப்பிட முடியாது. வால் வளையங்களை மலப்புழைக்குப் பின்னாலிருந்து தனியாக எண்ணுங்கள்.

மணல்வாசி:
மாதிரியை அறுக்க அனுமதி இருந்தால் நுரையீரலையும் பாருங்கள். பாம்புகளிலும் மற்றக் காலில்லாப் பல்லிகளிலும் இடது நுரையீரல்தான் சுருங்கியிருக்கும். புழுப்பல்லிகளில் வலது. தலையும் வாலும் சிதைந்த மாதிரியில் இதுவும் கைகொடுக்கும்.

குறிப்பில் ‘முன்னங்கால் உண்டு’ என்று எழுதிவிடாதீர்கள். அது மெக்சிகோவின் பைப்பஸ் பேரினத்து 3 இனங்களுக்கு மட்டும். படத்தேடலில் இரண்டும் கலந்தே வருகின்றன.